மடை முடிஞ்ச அடுத்த நாள்

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, மன்னார் ரவுனிலை ஒரு மண்டபத்திலை கூட்டம். மேடைக்குப் பின்னாலை சுவர் நிறையப் பதாகை: "வெற்றிகரமான தொழில் முயற்சியாளருக்கு இருக்க வேண்டிய ஏழு அம்சங்கள்." கொழும்பிலையிருந்து வந்த ஒரு ஐயா, நெத்தியிலை மெல்லிசாத் திருநீறு, அந்த வெக்கைக்குள்ளையும் கழுத்துப்பட்டி, ஒவ்வொண்டாச் சொல்லிக்கொண்டு போறார். முதலீடாம். திட்டமிடலாம். துணிவாம். விடாமுயற்சியாம். நான் பின் வரிசைக் கதிரையிலை ஏழும் முடியுமட்டும் பொறுமையா இருந்தனான். நான் பாத்துக்கொண்டிருந்த சாமான் வரவே இல்லை. வந்த விசருக்கு எழும்பிக் கேட்டிருப்பன், பக்கத்திலை இருந்த பேசாலை அருளம்மா என்ர சேட்டிலை பிடிச்சு இழுத்து இருத்திப்போட்டா.

அண்டைக்குக் கேடயம் வாங்கினது எங்கட அன்ரோனெற். பேசாலையிலை நண்டுக் கொம்பனி நடத்திறவ. இருபத்தாறு பொம்பிளையள் அவவின்ர கொட்டிலிலை நண்டுச் சதை எடுக்கினம். ஐஸ் லொறி இரண்டு யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் ஓடுது. அவவைப் பற்றி அந்த ஐயா வாசிச்ச குறிப்பிலை "துணிச்சல் மிக்க பெண்மணி" எண்டு கிடந்தது. துணிச்சலோ? கடலுக்குப் போற ஒவ்வொருத்தனுக்கும் அது இருக்கு. அவை எல்லாருக்கும் கேடயம் குடுக்கிறதெண்டால் மன்னாரிலை அலுமாரி காணாது. உண்மையா நடந்தது எனக்குத் தெரியும், ஏனெண்டால் அவவின்ர முதல் நட்டத்துக்குப் பாதிக் காரணம் நான். என்ர பேர் நவரத்தினம். சொந்த இடம் அடம்பன், வயல்காரச் சனம், நான் மட்டும் ட்றைவர் வேலைக்குப் போனவன்.

இது நடந்தது இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு. அந்த வருஷம்தான் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தது. இருபது வருஷத்துக்கு மேலை மன்னாரிலையிருந்து பூநகரியாலை யாழ்ப்பாணம் போற பாதை எங்களுக்குப் பூட்டுத்தான். பாதை திறந்த உடனை நான் ஒரு பட்டா வாங்கினன். பட்டா எண்டால் சின்ன லொறி, முன்னுக்கு இரண்டு பேர், பின்னுக்கு ஒரு தொன் சாமான். வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தன்.

அன்ரோனெற் அப்ப வலை கழட்டிற பொம்பிளையளிலை ஒருத்தி. நண்டு வலை கரைக்கு வந்தால், அதிலை சிக்கின நண்டைக் கழட்டி எடுக்கிறது பொம்பிளையளின்ர வேலை. எவ்வளவு ஆறுதலாக் கழட்டினாலும் பத்துக்கு இரண்டு கால் முறியும். கொழும்புக்கு வாங்கிற ஏஜென்ட் முழு நண்டை மட்டும் எடுப்பார். கால் முறிஞ்சதைச் சப்பாத்தாலை ஒரு தட்டுத் தட்டி ஒதுக்கிவிடுவார். அது கழட்டின பொம்பிளையளுக்கு. கொஞ்சக் கூலியும் அந்த முறிஞ்ச நண்டும்தான் அவையின்ர பிழைப்பு. ஒவ்வொரு நாளும் அதையே காய்ச்சினால் வீட்டிலை பிள்ளையள் சட்டியைப் பாத்தவுடனை முகம் சுழிக்குங்கள்.

"கால் போனால் என்ன, சதை உள்ளுக்குத்தானே இருக்கு," எண்டு ஒருநாள் அன்ரோனெற் சொல்லியிருக்கிறா. "யாழ்ப்பாணத்தார் நண்டுக் கறிக்கு உயிரை விடுவினமாம். அவை கழுவேக்கை தாங்களே காலை முறிக்கத்தானே போகினம்."

அவவோடை சேர்த்துப் பன்னிரண்டு பொம்பிளையள். மூத்தவ அருளம்மா. எல்லாரும் மூண்டு நாள் தங்கடை பங்கு நண்டை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் அன்ரோனெற்றிட்டைக் குடுத்தினம். அவ ஐஸ் போட்டு றெஜிபோம் பெட்டியளிலை அடுக்கினா. புருஷன் பஸ்ரியனும் ஏஜென்டுக்கு நண்டு குடுக்கிற போட்காரர்தான், நல்ல மனிசன், ஆனால் வாய் சும்மா கிடக்காது. "யாழ்ப்பாணத்திலை கடல் இல்லையெண்டு உனக்கு ஆர் சொன்னது?" எண்டு பகிடி பண்ணினாராம்.

எப்ப போறது எண்டதிலைதான் அவ சரியான கெட்டித்தனமா யோசிச்சவ. நல்லூர்த் திருவிழாவுக்குக் கொடியேறிட்டுது எண்டு வானொலியிலை கேட்டிருக்கிறா. கொடியேத்தம் எண்டால் அவவுக்குத் தெரிஞ்சது பேசாலைக் கோயில் கொடியேத்தம். கொடி ஏறினால் ஊர் நிறைய விருந்தாளி, மீனும் இறைச்சியும் மணக்காத குசினி இல்லை. நல்லூருக்கு லட்சக்கணக்கிலை சனம் வருது, அப்ப எத்தினை சட்டி கொதிக்கும்! வெள்ளிக்கிழமை சைவச் சனம் மச்சம், அதுதான் மீன் இறைச்சி, சாப்பிடாது எண்டதும் அவவுக்குத் தெரியும். அதாலை கவனமாச் சனிக்கிழமை தெரிஞ்சா. அவ்வளவு கவனம், பாருங்கோ.

எனக்குத் தெரியும் அது முழுப் பிழையெண்டு. என்ர மனிசி பூமணி கொக்குவில்காரி. நல்லூரிலை கொடி ஏறினால் எங்கட வீட்டிலை மச்சச் சட்டியைக் கழுவிக் கவிட்டு வைச்சிடுவா. இருபத்தைஞ்சு நாள் திருவிழா, பேந்து பூங்காவனம், கடைசிப் படையலான வைரவர் மடை, எல்லாம் முடிஞ்சுதான் அந்தச் சட்டி நிமிரும். யாழ்ப்பாணத்திலை பாதிச் சனம் அப்பிடித்தான்.

ஏன் சொல்லேல்லை எண்டு கேப்பியள். வெக்கத்தை விட்டுச் சொல்லுறன். அண்டைக்கு விடிய வெளிக்கிட்டதிலையிருந்து அவ எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டே வந்தா. "அண்ணை, பள்ளத்திலை மெல்லமா விடுங்கோ." "அண்ணை, பெட்டி குலுங்குது." இருபத்திரண்டு வருஷம் லொறி ஓடினவனுக்கு, வலை கழட்டிற ஒருத்தி! எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. விடத்தல்தீவுச் சந்தியிலை தேத்தண்ணிக்கு நிப்பாட்டினம். அவ எனக்கும் ஒரு மாலு பணிஸ் வாங்கி நீட்டினா. உள்ளுக்கு மீன். "வேண்டாம், பசியில்லை," எண்டன். விரதம் எண்டு சொல்லியிருந்தால் அந்த இடத்திலையே விஷயம் விளங்கியிருக்கும். நான் சொல்லேல்லை. கேட்டால் சொல்லுவம் எண்டு மனதுக்குள்ளை ஒரு வீம்பு. அவ கேக்கேல்லை.

கொக்குவிலிலை ஒரு ஒழுங்கைக்குள்ளை முதல் படலையிலை நிப்பாட்டினம். அன்ரோனெற் பெட்டி மூடியைத் திறந்து இரண்டு நண்டைத் தூக்கிக்கொண்டு, "அக்கா, பேசாலை நண்டு!" எண்டு சிரிச்சுக்கொண்டு போனா. கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மா ஒருத்தி, வசந்தமலர் எண்டு பேர் பேந்துதான் தெரியும், நாலடி பின்னுக்குப் பாய்ஞ்சா.

"ஐயோ பிள்ளை! கொடியேறி இருக்கு, மச்சத்தை வாசலுக்குக் கொண்டந்து நிக்கிறியே! தள்ளிப் போ, தள்ளிப் போ!"

"ஓம் அக்கா, கொடியேறிட்டுது, அதுதானே கொண்டந்தனான்," எண்டா இவ. இரண்டு பேரும் ஒரே சொல்லைத்தான் சொல்லுகினம். ஆளையாள் பாத்து முழிக்கினம். எனக்குச் சிரிப்பு வந்தது. இப்ப நினைக்க என்னிலை எனக்கே அருவருப்பா இருக்கு.

சந்தைக்குப் போனம். மீன் பக்கம் மேசையெல்லாம் கழுவிக் காய விட்டிருக்கு, பூனை கூட இல்லை. குருநகர்ப் பக்கம் வேதக்காரச் சனம், கிறிஸ்தவ ஆக்கள், இருக்கு எண்டு போனால், அங்கை அவையின்ர கடலிலை பிடிச்ச நண்டே விக்காமல் கிடக்கு. மத்தியானம் வெயில் ஏற ஏற ஐஸ் தண்ணியாகிப் பட்டாவுக்குக் கீழை ஒழுகுது. நான் சீற்றிலை சாய்ஞ்சு, இனி அழுவா, பேந்து வாடகையைக் குறைக்கச் சொல்லுவா எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்.

அவ என்ன செய்தா தெரியுமோ? திரும்பக் கொக்குவிலுக்கு விடச் சொன்னா. சந்திக் குழாயிலை கையைச் சவுக்காரம் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினா. பட்டாவை ஒழுங்கை முகப்பிலையே நிப்பாட்டச் சொல்லிப்போட்டு, வெறுங்கையோடை அந்த வசந்தமலர் அம்மாவின்ர படலைக்கு வெளியிலை நிண்டு கூப்பிட்டா.

"அக்கா, கோவிக்காதேங்கோ. நாங்கள் வேதக்காரர், எனக்குத் தெரியாமல் போச்சு. எப்ப அக்கா உங்கட வீட்டிலை திரும்ப மச்சம் காய்ச்சுவியள்?"

அந்த அம்மா படலையடிக்கு வந்தா. பேந்து முகம் இளகி, "வைரவர் மடை முடிஞ்ச அடுத்த நாள் காலமை வா, பிள்ளை. அண்டைக்கு நீ எத்தினை நண்டு கொண்டந்தாலும் இந்த ஒழுங்கைக்குக் காணாது," எண்டா. அதோடை விட்டாளே இவள்! பக்கத்து வீடு, அதுக்குப் பக்கத்து வீடு, ஒழுங்கை ஒழுங்கையா ஏறி இறங்கினா. ஒண்டும் விக்கேல்லை. மற்ற யாவாரிமார் என்ன சாப்பிடுவியள் எண்டுதானே கேப்பினம்? இவ எப்ப சாப்பிடமாட்டியள், எப்ப திரும்பத் தொடங்குவியள் எண்டு கேட்டா.

பூநகரி தாண்ட நாத்தம் தாங்கேலாமல் போச்சு. கடற்கரையோரம் நிப்பாட்டி, பன்னிரண்டு குடும்பத்தின்ர மூண்டு நாள் நண்டையும் தண்ணியிலை கொட்டினம். அவ அழேல்லை, வெறும் பெட்டியளை அலசி ஏத்தினா. திரும்ப ஏறி இருந்தா. பேந்து கேட்டா.

"அண்ணை, கொடியேறினால் சனம் மச்சம் தொடாது எண்டு உங்களுக்கு முதலே தெரியுமோ?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரேல்லை. "தெரியும்," எண்டன்.

"அதுதானோ பணிஸ் வேண்டாம் எண்டனீங்கள்?"

"ஓம்."

இனிப் பேச்சு விழப்போகுது எண்டு ஸ்ரியறிங்கை இறுக்கிப் பிடிச்சன். அவ வெளியிலை பாத்துக்கொண்டு, "ஏன் வேண்டாம் எண்டு நான் அப்பவே கேட்டிருக்க வேணும்," எண்டா. தனக்குத்தான் சொல்லிக்கொண்டா. பேந்து என்ர பக்கம் திரும்பி, "சரி, உங்களுக்கு வேறை என்னண்ணை தெரியும்? சொல்லுங்கோ," எண்டா.

அறைஞ்சிருந்தால் கூட எனக்கு அப்பிடி நொந்திராது. மன்னார் வருமட்டும் வாய் ஓயாமல் சொன்னன். கந்தசஷ்டி, சிவராத்திரி, கௌரி விரதம், புரட்டாதிச் சனி, எனக்கு ஞாபகம் வந்ததெல்லாம். காணாது எண்டு அடுத்த கிழமை அவ பஸ் ஏறி அடம்பனுக்கே வந்திட்டா, கையிலை அந்தோனியார் படம் போட்ட கோயில் கலண்டர். பூமணியோடை குசினிக்குள்ளை இருந்து ஒவ்வொரு மாசமாப் புரட்டி, விரத நாளுக்கு வட்டம், விரதம் முடிஞ்ச அடுத்த நாளுக்கு நண்டுப் படம். கல்யாணம் கட்டின நாள் தொடக்கம் தன்ரை விரதத்தைப் பற்றி ஒருத்தரும் இவ்வளவு கேக்கேல்லை எண்டு பூமணிக்குப் பெரிய சந்தோஷம். எனக்கு அது குத்தல் எண்டும் விளங்கினது.

ஆனால் நண்டு வேணுமே. அதுதான் இல்லை. ஏஜென்டுக்கு விஷயம் போயிட்டுது. அவர் கறுப்புக் கண்ணாடியோடை மோட்டர்சைக்கிளிலை வந்து நிண்டு, "அன்ரோனெற்றுக்கு நண்டு குடுக்கிற ஆக்கள் இனி வலைப்பக்கம் வரத் தேவையில்லை. போட்காரரிட்டையும் சொல்லிப்போட்டன்," எண்டிட்டுப் போனார். முறிஞ்ச நண்டாலை அவருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. ஆனால் இண்டைக்கு முறிஞ்சதை விக்கப் பழகினவள் நாளைக்கு முழு நண்டுக்கும் விலை கேப்பாள் எண்ட பயம்.

வைரவர் மடைக்கு முதல் நாள் காலமை, ஐஸ் பெட்டியளை இறக்க நான் கரைக்குப் போனன். பொம்பிளையள் வலையைச் சுத்தி இருக்கினம். அன்ரோனெற் அவைக்கு நடுவிலை நிண்டு, அண்டையப் பங்கும் அடுத்த நாள் பங்கும் தரச் சொல்லிக் கேக்கிறா.

அருளம்மா கையிலிருந்த நண்டைக் கழட்டிக்கொண்டே சொன்னா: "எங்கட சட்டிக்குப் போக வேண்டிய நண்டு பூநகரிக் கடலுக்குப் போச்சு. இப்ப வேலையும் போகப் போகுது. இந்தமுறையும் விக்காட்டில் நண்டும் இல்லை, வலையும் இல்லை. நாங்கள் பிள்ளையளுக்கு என்னத்தைக் காய்ச்சிறது, சொல்லு பாப்பம்?"

அன்ரோனெற் நல்ல வார்த்தை ஒண்டும் தேடேல்லை. "பிழை என்ரதுதான் அக்கா. கொடியேத்தம் எண்டால் எங்கட கொடியேத்தம் மாதிரித்தான் எண்டு நினைச்சிட்டன். ஆரையும் கேக்கேல்லை. இப்ப கேட்டிட்டன்," எண்டா. இரண்டு பேர் எழும்பி மண்ணைத் தட்டினம்.

நான் பேசாமல் பெட்டியை வைச்சிட்டு வந்திருக்கலாம். வாடகைக்கு வந்தவன்தானே. ஆனால் அந்தப் பொம்பிளை தனியாப் பழியைச் சுமந்துகொண்டு நிக்கிறதைப் பாக்க எனக்கு ஏலாமல் போச்சு.

"அக்காமார், அவவிலை பிழையில்லை," எண்டன். "எனக்குத் தெரியும். போற வழியிலேயே தெரியும். சொல்லேல்லை. மெல்லமா ஓடச் சொன்னவ எண்ட கோவத்திலை வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனான்."

அருளம்மா என்னை மேலும் கீழும் பாத்தா. "சரியான குரங்கு மனிசனய்யா நீர்!" எண்டா. பொம்பிளையள் எல்லாம் சிரிச்சினம். எனக்குக் காது சுட்டது.

"இந்தமுறை விக்குமோ? உண்மையைச் சொல்லும்."

"விக்கும். என்ர மனிசியே இருபத்தைஞ்சு நாளுக்கு மேலை மச்சம் இல்லாமல் இருந்து, மடை முடிஞ்ச அடுத்த நாள் நண்டு கொண்டரச் சொல்லி இப்பவே சொல்லிப்போட்டா. விக்காட்டில் எனக்கு வாடகை வேண்டாம்."

அருளம்மா தன்ர கூடையை எடுத்து ஐஸ் பெட்டிக்குள்ளை கவிட்டா. அவவுக்குப் பின்னாலை ஆறு பேர். நாலு பேர் தரேல்லை, அவையைக் குறை சொல்லேலாது, வீட்டிலை சின்னப் பிள்ளையள். தந்த ஏழு பேருக்கும் அண்டைக்கே வலை வேலை போச்சு. ஏஜென்ட் சொன்னதைச் செய்திட்டார்; அடுத்த நாள் பங்கும் அதோடை இல்லை, அண்டைய நண்டு மட்டும்தான் மிச்சம்.

மடை முடிஞ்ச அடுத்த நாள் விடியக் கருக்கலோடை வெளிக்கிட்டம். பள்ளம் வர வர நானே மெல்லமா விட்டன், அவ ஒண்டும் சொல்லேல்லை. பூநகரிச் சோதனைச் சாவடியிலை ஆமிக்காரன் மூடியைத் திறந்து பாத்தான். "கக்குளுவோ, மஹத்தயா, கக்குளுவோ," நண்டு ஐயா நண்டு எண்டு தெரிஞ்ச சிங்களத்திலை சொல்லிச் சமாளிச்சம். பாலம் ஏறேக்கை அன்ரோனெற் கழுத்திலை கிடந்த சிலுவையைப் பிடிச்சபடி இருந்தா. எனக்கும் ஒரே யோசனை. சனம் மனம் மாறி ஆட்டிறைச்சிக்குப் போயிட்டால்? எங்களுக்கு முதலே ஆரும் மீனோடை வந்திட்டுப் போயிருந்தால்?

ஒழுங்கை முகப்பிலை திரும்பினன். வசந்தமலர் அம்மா படலையிலை நிக்கிறா, கையிலை மண்சட்டி. அவவுக்குப் பின்னாலை அந்த ஒழுங்கைப் பொம்பிளையள் எல்லாம், ஆளுக்கொரு சட்டி, சுளகு, வாளி. "வந்திட்டாள், வேதக்காரப் பிள்ளை வந்திட்டாள்!" எண்டு கத்திறா அந்த அம்மா. கால் இருக்கோ இல்லையோ எண்டு ஒரு குஞ்சும் பாக்கேல்லை. ஒன்பதரைக்குள்ளை எல்லாப் பெட்டியும் காலி. அடுத்த ஒழுங்கைக்காரர் வந்து எங்களுக்கு இல்லையோ எண்டு என்னோடை சண்டை!

வரேக்கை விடத்தல்தீவுச் சந்தியிலை தேத்தண்ணிக்கு இறங்கினம். அன்ரோனெற் மாலு பணிஸ் தட்டைப் பாத்துக்கொண்டு, "அண்ணை, இண்டைக்கு உங்களுக்கு மச்சம் சரியோ?" எண்டு கேட்டா. "சரி தங்கச்சி," எண்டன். எனக்கு ஒண்டை வாங்கித் தந்திட்டு, கடைக்கு முன்னாலை கிடந்த வாங்கிலை இருந்து விம்மி விம்மி அழத் தொடங்கிட்டா. நட்டப்பட்ட அண்டைக்கு அழாதவ. கடைக்காரர் நான் ஏதோ பேசிப்போட்டன் எண்டு என்னை முறைச்சுப் பாத்தார்.

அந்த ஏழு பேரும் திரும்ப ஏஜென்டின்ர வலைக்குப் போகேல்லை. கிழமைக்கு இரண்டு தரம் கொக்குவில், பேந்து கோண்டாவில், பேந்து சாப்பாட்டுக்கடையளுக்கு நண்டுச் சதை. பஸ்ரியனின்ர போட் முதலாவது, அடுத்த வருஷம் இன்னும் நாலு போட் முழு நண்டையும் அவவிட்டைக் குடுக்கத் தொடங்கினது. தராமல் போன நாலு பேரும் வந்தினம், ஏன் முதல் வரேல்லை எண்டு அவ ஒரு சொல்லுக் கேக்கேல்லை. நோன்பு மாசம் வந்தால் தாராபுரத்துக்குப் போய் நசீறா எண்ட முஸ்லிம் அக்கா வீட்டுக் குசினியிலை இருப்பா, நோன்பு திறக்கிற நேரத்துக்கு என்ன காய்ச்சுவியள், பெருநாளைக்கு என்ன எண்டு. ஒவ்வொரு வருஷமும் புதுக் கலண்டர், அதே வட்டம், அதே நண்டுப் படம்.

இப்ப அந்த மண்டபத்துக்கு வாறன். கேடயம் குடுத்து முடிஞ்சு மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் குடுத்தினம். எல்லாருக்கும் மீன் சோறு. வெள்ளிக்கிழமை எண்டு ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை. நான் பார்சலை மடியிலை வைச்சுக்கொண்டு இருந்தன். அங்கை முன் வரிசையிலை, ஏழு அம்சம் சொன்ன ஐயாவும் பார்சலைத் திறந்து பாத்திட்டு மெல்ல மூடி, தண்ணியைக் குடிச்சுக்கொண்டிருந்தார். "ஏன் ஐயா சாப்பிடேல்லை?" எண்டு பக்கத்திலை இருந்தவர் கேக்க, "பசியில்லை," எண்டார்.

அன்ரோனெற் கேடயத்தைக் கமக்கட்டுக்குள்ளை இடுக்கிக்கொண்டு வந்தா. என்ர மடியிலை கிடந்ததை எடுத்திட்டு மரக்கறிப் பார்சல் ஒண்டை வைச்சா. கையிலை இன்னொண்டு இருந்தது. அதை நேரை கொண்டுபோய் அந்த ஐயாவுக்கு நீட்டினா.

"மரக்கறி ஐயா. சாப்பிடுங்கோ."

அவர் திகைச்சுப் போனார். "நான் ஒண்டும் சொல்லேல்லையே அம்மா. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"காலமை நீங்கள் வந்து இறங்கேக்கை கேட்டனான் ஐயா," எண்டா அன்ரோனெற். "உங்கட ட்றைவரிட்டை."